சொந்த வீட்டின் சில்லறைத் தொல்லைகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாக வீடு வாங்கிக் குடிபோகிறவரின் தொல்லைகள் இரண்டு வகை. வில்லங்கம், வங்கிக் கடன், பிரிபடாத மனைப் பங்கு ஆகியவை பெரிய வகை. அவற்றைக் கவனிக்க வக்கீல்களும் வங்கி மேலாளர்களும் இருக்கிறார்கள். சோப்பு வைக்கும் மாடம் ஷவருக்கு நேர் கீழே அமைந்திருப்பது சிறிய வகை. இதைக் கவனிக்க யாரும் இல்லை. வாடகை வீட்டில் இதே மாடம் இருந்தபோது 'ஹவுஸ் ஓனருக்கு அறிவே கிடையாது' என்று ஒரே வரியில் விவகாரம் முடிந்தது, மனசும் ஆறியது. பத்திரம் பதிவான அன்றோடு இந்த வசதி பறிபோகிறது. திட்டுவதற்கு என்று இருந்த ஒரே ஆள் இப்போது முகம் பார்க்கும் கண்ணாடியில்தான் தென்படுகிறார்.

தொல்லை, நாள் பார்ப்பதிலேயே தொடங்கிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் புது வீடு புகும் வழக்கமில்லை. கட்டுமான நிறுவனமோ பல மாதம் இழுத்தடித்த சாவியை ஆடி முதல் வாரத்தில்தான் நீட்டும். ஆவணி பிறக்கும்வரை பழைய வீட்டு வாடகையும் புது வீட்டுத் தவணையும் ஒரே சம்பளத்திலிருந்து போயாக வேண்டும். கிரகப்பிரவேசத்தன்று முதலில் பசு உள்ளே வரவேண்டும் என்பது ஐதீகம். வீடு இருப்பதோ ஏழாவது மாடியில். லிஃப்ட்டில் '8 பேர், 544 கிலோ' என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்பது கணக்கு. எடையை மட்டும் பார்த்தால் ஒரு நாட்டு மாடு தாராளமாக அடங்கும். மாடு சம்மதிப்பதில்லை, அசோசியேஷன் செயலாளரும் சம்மதிப்பதில்லை. ஆகவே கோமாதா பூஜை கார் நிறுத்துமிடத்தில், யாரோ ஒருவருடைய காருக்குப் பக்கத்தில் நடக்கிறது. மேலே பால் காய்ச்சுகிறார்கள். அன்று புது அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் மங்களம். மறுநாள் காலை அதே அடுப்பில் அதே பால் வழிந்தால் கவனக்குறைவு.

அடுத்தது சாமான் வந்து இறங்கும் கட்டம். மாமனார் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில் படுக்கையறை வாசலில் நின்றுவிடும். விளம்பரத்தில் இருந்த 1,200 சதுர அடியில் மாடிப்படி, லிஃப்ட், பொதுத் தாழ்வாரம் ஆகியவற்றின் பங்கும் சேர்த்தி என்பது பலருக்கு அப்போதுதான் உறைக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' எதுவென்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது: வெளிச்சுவரும் பால்கனியும் கணக்கில் வராது, உட்சுவர்கள் வரும். படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் குறைவு. உள்ளே நுழையாத பீரோவை, தமக்குச் சட்டப்படி பங்குள்ள லிஃப்ட் முன்கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு அசோசியேஷன் இதுவரை நல்ல பதில் சொன்னதில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் சுவர்க்கடிகாரம் கொண்டுவருவார்கள். ஒரே வீட்டில் ஆறேழு கடிகாரங்கள் சேர்வது சகஜம். இரண்டிலாவது பிள்ளையார் இருப்பார். கொடுத்தவர் அடுத்த முறை வரும்போது முதல் பார்வை சுவரில்தான் விழும் என்பதால் எதையும் பரணில் போட்டுவிட முடியாது. செங்கல் சுவராக இருந்த காலத்தில் ஆணியும் சுத்தியலும் போதும். இப்போதைய பல குடியிருப்புகளில் செங்கல்லே கிடையாது. அலுமினியப் பலகைகளால் அச்சு கட்டி, சுவரையும் மேல்தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். மைவான் முறை என்பார்கள். உறுதியானது, வேகமானது, ஆணிக்கு மட்டும் ஆகாதது. அடித்த ஆணி வளையும், இல்லாவிட்டால் தெறித்துப்போய் சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எனவே ஹேமர் டிரில்லும் ராவல்பிளக்கும் கொண்டு துளை போட ஆள் வர வேண்டும்.

துளை போடும் சத்தம் கான்கிரீட் வழியே கட்டடம் முழுக்கப் பரவும். எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. மேல் வீட்டில்தான் என்று முடிவுகட்டி ஏழாம் மாடிக்காரர் எட்டாம் மாடிக்கு ஏறிப் போனால், அங்கே இருப்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏழாம் மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். மதிய நேரத்தில் துளை போடக் கூடாது என்று எல்லாக் குடியிருப்பிலும் விதி உண்டு. அது ஞாபகம் வருவது பக்கத்து வீட்டில் துளை போடும்போது மட்டும்.

இருந்தாலும் முதல் தாம்பூலம் குளியலறை வாட்டத்துக்குத்தான். கொட்டிய தண்ணீர் தானாக ஓடி வடிகாலைச் சேரும்படி தரையை லேசாகச் சரித்துப் போடுவதை வாட்டம் விடுவது என்பார்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தாலே தண்ணீர் ஓடிவிடும். வடிகால் ஒரு மூலையில் ஜாலி போட்டுக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் எதிர் மூலைக்குப் போகும். குளித்து முடித்தவர் ஈரத்தலையோடு வைப்பரை எடுத்து, தண்ணீரை அது போயிருக்க வேண்டிய திசையில் தள்ளுவார். பாதி மேடு ஏறிய தண்ணீர், தலைமுடி ஒன்றையும் சோப்பு நுரையையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து அவர் காலையே சுற்றி நிற்கும். ஓடுகள் பெரிதாகிக்கொண்டே போவதும் இதற்கு ஒரு காரணம். சின்ன ஓடுகளாக இருந்தால் நாலு பக்கமிருந்தும் வடிகாலை நோக்கிச் சரித்துப் பதிக்கலாம். இரண்டடிக்கு இரண்டடி ஓடு எந்தப் பக்கமும் மடங்காது. அதை ஒரு பக்கமாகத்தான் சாய்க்க முடியும். பார்வைக்கு நன்றாக இருப்பது பெரிய ஓடு என்பதால் வாங்குகிறவர்களும் அதையே கேட்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய முதலில் பிளம்பரைக் கூப்பிடுவது மரபு. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இந்த வேலை பாத்தது?" என்பார். இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. எலக்ட்ரீஷியன், ஆசாரி, பெயின்டர் என்று எந்தத் தொழிலாளியும் முந்தைய ஆளின் வேலையை இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் தொடுவார். பிறகு, "பைப்புல ஒண்ணும் இல்ல சார், டைல்ஸ்காரர் வாட்டம் விடல" என்று சொல்லி விசிட் சார்ஜ் வாங்கிக்கொள்வார். டைல்ஸ்காரர் வந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "கொத்தனார் போட்ட தளமே ஏறி இருக்கு. நான் அது மேலதான சார் ஒட்ட முடியும்?" என்பார். கொத்தனார் இதற்குள் வேறு கட்டடத்தில் வேறு குளியலறைக்குத் தளம் போட்டுக்கொண்டிருப்பார். மிஞ்சுகிறவர் சைட் இன்ஜினியர். "யூஸ் பண்ணப் பண்ண செட் ஆயிடும் சார்" என்பது அவருடைய தீர்ப்பு. கான்கிரீட் செட் ஆகும் என்பது மறுக்க முடியாத உண்மை. அது செட் ஆகித்தான் பல மாதமாகிறதே.

நிஜமாகவே சரிசெய்வதென்றால் ஓட்டைப் பெயர்த்து, கசிவு தடுப்புப் பூச்சை மறுபடி பூசி, மேலே புது ஓடு பதிக்க வேண்டும். வேறு தொகுப்பில் வந்த ஓட்டின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரியாமலிருக்க வேண்டும் என்ற கவலை வேறு. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் இன்னொரு வைப்பர் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கின்றன. அந்த ஆணிக்கும் டிரில் தேவைப்பட்டிருக்கும்.

வேலைக்கு வருவோரின் நேரக் கணக்கும் தனி. "காலைல பத்து மணிக்கு இருப்பேன் சார்" என்றவருக்காக வீட்டுக்காரர் அரைநாள் விடுப்பு எடுத்துக் காத்திருப்பார். மதியம் மூன்று மணிக்கு, இனி வரமாட்டார் என்று அலுவலகம் போய்ச் சேர்ந்த நிமிடத்தில் போன் வரும்: "சார், கேட்டாண்ட நிக்கிறேன். வீட்ல யாரும் இல்லியா?"

சென்னையின் புறநகரில் மேடவாக்கமோ ஊரப்பாக்கமோ, பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் அதிகம். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கிணற்று நீர் இதைப் படித்ததில்லை. பளபளவென்று இருந்த குழாய்கள் சில வாரங்களில் விபூதி பூசிக்கொள்ளும். ஷவரின் துளைகளில் பாதி அடைபடும். மீதியில் ஒன்று சுவரை நோக்கியும் ஒன்று துண்டை நோக்கியும் ஒன்று கண்ணை நோக்கியும் பீய்ச்சும். கீசருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது: சுட வைக்கும்போது உப்பு பிரிந்து கம்பிச்சுருளின் மேல் ஓடுகட்டும், சூடு தண்ணீருக்குப் போவது தாமதமாகும், மின்கட்டணம் ஏறும். ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி வினிகரில் ஊறவைத்தால் அடைப்பு கரையும். சமையலறையில் மறுநாள் காலை காப்பி போட வருகிறவரிடம் அது என்ன பாத்திரம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கதவு வேறு மாதிரி. கோடையில் கையால் தள்ளினாலே திறக்கும் கதவு, வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நிலையில் சிக்கிக்கொள்ளும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி அகலவாக்கில் உப்புவதே காரணம். நீளவாக்கில் அவ்வளவாக உப்பாது. ஐப்பசியில் அவசரப்பட்டு ஆசாரியை அழைத்து இழைத்துவிட்டால், மழை விட்டு மரம் காய்ந்ததும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் போகும் சந்து விழும். அதன் வழியே முதலில் வெளிச்சம் வரும், அப்புறம் பல்லி வரும். தை பிறக்கும்வரை தோளால் இடித்துத் திறப்பதே சிக்கனம்.

ஒவ்வொரு புது வீட்டிலும் எதற்கென்று தெரியாத சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டால் எதுவும் எரியாது, அணைத்தால் எதுவும் அணையாது. ஆனாலும் அதை யாரும் போட்டபடி விடுவதில்லை, ஒரு பயம். மற்ற சுவிட்சுகளின் வரிசைக்கும் கூரையில் இருக்கும் விளக்குகளின் வரிசைக்கும் தொடர்பில்லாததால், ஹாலில் மின்விசிறி வேண்டியவர் முதலில் எல்லா விளக்கையும் ஏற்றி இறக்குவார். வீட்டுக்கு வந்த உறவினர் இதை ஏதோ வரவேற்பு என்று எடுத்துக்கொள்வதுண்டு.

பால்கனி, விளம்பரப்படி, மாலைக் காற்று வாங்கவும் தேநீர் அருந்தவும் உரிய இடம். நடைமுறையில் அது புறாவுக்குச் சொந்தம். மாடப்புறாவின் முன்னோர் பாறை விளிம்புகளில் கூடு கட்டியவை. ஏழாம் மாடி பால்கனியும் ஏசியின் வெளி யூனிட்டும் அவற்றின் கண்ணுக்கு நல்ல பாறைகள்தாம். பத்திரச் செலவு, பதிவுச் செலவு எதுவுமில்லாமல் குடியேறும். கூடு என்று சொல்லத்தக்கதாக எதுவும் கட்டாது: நாலு வேப்பங்குச்சி, ஒரு துடைப்பக்குச்சி, எலக்ட்ரீஷியன் விட்டுப்போன ஒயர்த் துண்டு, அவ்வளவுதான். அதன்மேல் இரண்டு முட்டை. அடைகாக்க ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். முட்டையை எடுத்தெறிய வீட்டில் பாட்டி விடமாட்டார். வலை கட்ட வந்தவர் முட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இடைப்பட்ட காலத்தில் பால்கனிக் கதவைத் திறப்பவரை, அத்துமீறி நுழைந்தவரைப் பார்ப்பதுபோல் தாய்ப்புறா பார்க்கும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின் இணைப்பிலும் சொத்து வரியிலும் பெயர் மாற்ற வேண்டும். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணச் செய்தி முன்னாள் உரிமையாளருக்குப் போகும். சென்னை நகருக்குள் என்றால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுத வேண்டும். புறநகர் என்றால் தெருவுக்கே பெயர் இருக்காது. 'பெட்டிக்கடைக்கு எதிர்ச்சந்து' என்று சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு கொண்டுவந்த பையன் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பான்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு கடைசியில் வருவது. ஆனால் வந்தபின் போவதில்லை. காலையில் வணக்கங்கள், பிறகு மோட்டார் ஓடவில்லை என்ற புகார், பிறகு மோட்டார் நிற்கவில்லை என்ற புகார், இரவில் பராமரிப்புக் கட்டணம் குறித்த விவாதம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரம் எல்லாவற்றுக்கும் கைகூப்புவார். இரண்டாம் மாதம் தம் வண்டி நிற்கும் இடத்தில் வேறொருவர் வண்டி நிற்கும் படத்தைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். அப்போது அவர் முழு உரிமையாளர் ஆகிவிட்டார் என்று கொள்ளலாம். அந்த வீட்டையே பின்னால் வாடகைக்கு விட நேர்ந்தால், வருகிற குடித்தனக்காரர் சோப்பு மாடத்தைப் பார்த்து முதல் நாளே சொல்லும் வாசகம் என்னவென்று அவருக்குத் தெரியும்.

சட்டம் இவ்விஷயத்தில் ஓரளவு வீடு வாங்கியவர் பக்கம்தான் இருக்கிறது. மேற்சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை கண்டு சொன்னால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். வாட்டம் இதில் வரும்; புறாவும் மேல் வீட்டு டிரில்லும் வரா. வாய்ச்சொல்லாகச் சொன்னது எங்கும் நிற்காது. படம் எடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்ப வேண்டும். சாவி வாங்கப் போகிறவர்கள் அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸோடு ஒரு வாளியையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பாருங்கள். ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்து அதற்குப் பிறகு.