பாய் எங்கன்னு கேளு, பாஸ்வேர்டு அப்பால

வாடா பேராண்டி, குந்து. துபாய்க்கு விசா வந்துட்டுதாமே? சந்தோசம். ஏஜெண்டுகிட்ட மொத மொத என்னடா கேட்ட? "ரூம்ல வைஃபை இருக்கா"ன்னா? ரூமுக்கு எத்தினி கட்டில், கக்கூஸு எத்தினி பேருக்கு, சம்பளம் எந்தத் தேதி, ஒண்ணும் கேக்கல. மல்லாட்டை வெதைக்கிறவன் மழை பேயுமான்னு கேப்பான். நீ வானவில்லு தெரியுமான்னு கேக்குற ஆளு.

நெட்டு வேணாம்னு நான் சொல்லலடா. வேணும். ஆனா அங்க போயி எறங்கினதும் நீ முழிக்கப் போற முழி எனக்கு இப்பவே தெரியுது. வாட்ஸ்அப்புல எழுத்து போவும், போட்டோ போவும். கால் போட்டா மட்டும் போவாது. அமீரகத்துல அதைத் தடுத்து வச்சிருக்கான். பாட்டிம்முன்னு ஒண்ணு, இன்னும் சிலது, அரசாங்கமே அனுமதி கொடுத்த ஆப்பு இருக்கு. அதுல பேசிக்கலாம்.

அதோட வுடுவியா நீ? பக்கத்துக் கட்டில் பையன் காதுல ஓதுவான். "விபிஎன் போட்டுக்க மச்சான், நீ அமெரிக்காவுல இருக்குறாப்பல காட்டும்." மயிலத்துல மொட்டை அடிச்சிக்கினு திருப்பதியில இருக்கேன்னு சொல்றவன் பேச்சு அது. கம்பெனிக்காரன் ஆபீஸு வேலைக்கு வச்சிக்கிட்டா அது வேற. அதுக்குள்ள பூந்து, சட்டம் தடுத்ததைச் செஞ்சின்னு மாட்டினா, அபராதம் அஞ்சு லட்சம் திர்ஹாம்ல ஆரம்பிச்சு இருவது லட்சம் வரைக்கும் போவுது. நம்ம காசுக்கு ஒரு கோடிக்கு மேலடா! உங்கொப்பன் திண்டிவனம் பைபாஸு ஓரத்து மனையை வித்தாலும் வட்டிக்குக் காணுமா?

எங்க காலத்துல என்ன பண்ணோம்? 80-ல உங்க சின்னத் தாத்தன் சவுதிக்குப் போனான். போனு? டிரங்கு கால் போட்டுட்டுத் தபாலாபீசுல தவம் கெடக்கணும். அவன் என்ன பண்ணான், கேசட்டுல பேசி அனுப்புவான். லீவுல வர்ற ஊர்க்காரன் பொட்டியில வரும், செண்டு பாட்டிலுக்கும் போர்வைக்கும் நடுவுல. டேப்பைத் திண்ணையில வச்சா தெருவே குந்திடும். ஒரு பக்கம் ஊருக்குப் பேசுவான். மறுபக்கத்தைத் திருப்புனதும் உங்க சின்ன ஆயா பொட்டியைத் தூக்கிக்கினு உள்ள பூடுவா. அதே கேசட்டுல மேலயே பதிலைப் பேசி திருப்பி அனுப்புவா. மாட்டுக்குட்டி கத்துறதும் சேந்து போவும். அதைக் கேட்டுட்டு அழுதானாம் அவன்.

இப்ப நீ அனுப்புற வாய்ஸு மெசேஜு என்னடா? அதே கேசட்டுதான். அதுக்கு அங்க தடையில்ல, காசும் கொஞ்சம்தான் ஆவும். ஆனா அஞ்சு நிமிசம் பேசறதுக்கு உன்கிட்ட விசயம் இருக்கா? "சாப்டியா? ம். அப்புறம்? ம்." இதுக்கு வீடியோ வேற!

இன்னொண்ணு. போற அவசரத்துல நம்மூரு சிம்மை வுட்டுடாத. ரீசார்ஜு தீந்து நம்பர் செத்துப்போனா, பேங்க்காரன் அனுப்புற ஓடிபி உன்னைத் தேடிப் பட்டணம் தாண்டி வராது. உன் பணத்தை நீயே எடுக்க முடியாம ஷார்ஜாவுல தலையைச் சொறிவ. அங்க வாங்குற சிம்மையும் ஊர்க்காரன்னு நம்பி எவனுக்கும் கொடுத்துடாத. அவன் பண்ற திருட்டுத்தனத்துக்கு உன் பேருதான் நிக்கும்.

அப்பறம், நெட்டு மெதுவா ஓடுதுன்னு ரூம்ல இருக்குறவனை ஏசாத. அது வானத்துல வர்றதா நெனச்சிக்கினு இருக்க நீ. கடலுக்கடியில வர்ற கம்பிடா. 2025 செப்டம்பர்ல செங்கடல்ல, ஜித்தா பக்கம் அறுந்துச்சி. துபாய்லயும் தவழ்ந்துச்சி, நம்ம பக்கமும் தவழ்ந்துச்சி. ஏரி மதகு அடைச்சா வாய்க்காலைத் திட்டி என்ன ஆவும்?

சரி, போயி வா. ஊறுகா ஜாடியைத் துணிக்கு நடுவுல வை. உங்க ஆயா எட்டு மணிக்கெல்லாம் படுத்துடுவா. அவளுக்குப் பேசறதுன்னா அங்க ஆறரைக்குள்ள பேசிடு.