வெளுப்பு வினா: இருவண்ண இலை டாக்வுட் குறித்து ஓர் ஆய்வு

வெர்ஜீனியாவில் வீட்டு முன்புறம் டாக்வுட் மரம் வைத்திருப்போர் இரு வகைப்படுவர். பச்சை இலை மரம் வைத்திருப்போர் ஒரு வகை. இலையில் வெள்ளைக் கரையோ மஞ்சள் கரையோ ஓடும் மரம் வைத்திருப்போர் இன்னொரு வகை. முதல் வகையினர் ஆய்வுக்குரியவர் அல்லர். அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டாம் வகையினரோ, வசந்தத்தில் இலை விரிந்த நாள் முதல் அக்டோபரில் அது சிவக்கும்வரை ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோகிறார்கள்: “மரத்துக்கு என்ன ஆச்சு?” இக்கேள்விக்கு ‘வெளுப்பு வினா’ எனப் பெயரிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறையில் முன்னோடிகள் எவரும் இல்லை. தேவை இல்லாதது காரணமாக இருக்கலாம்.

முதலில் ஆய்வுப் பொருள். 1753இல் லின்னேயஸ் ‘கார்னஸ் ஃப்ளோரிடா’ என்று பெயர் வைத்த மரம் இது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலுக்குள் இருபது முப்பது அடி உயரத்தில் அடங்கி வளர்வது. வெர்ஜீனியா இதை 1918இல் மாநில மலராக்கியது. அதில் மனம் நிறையாமல் 1956இல் மாநில மரமும் ஆக்கியது. மலர் என்றது மரியாதைக்கு. நாம் இதழ் என்று பார்க்கும் நான்கும் இதழ்கள் அல்ல, நிறம் மாறிய பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் நடுவில் பச்சை மஞ்சளாய்க் குண்டூசித் தலைகள்போல் கொத்தாக இருக்கும். நம் காகிதப்பூவிலும் இதே மோசடிதான். ஆக, பூ அல்லாததைப் பூ என்று கும்பிட்டுப் படம் எடுக்கும் மக்கள், நோய் அல்லாததை நோய் என்று சொல்வதில் வியப்பில்லை எனக் கொள்க.

இனி வெளுப்பு எங்கிருந்து வந்தது எனின், தளிர் நுனியிலிருந்து. அங்கே உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஏதோ ஓர் அடுக்கில் பச்சையம் செய்யும் திறன் போய்விட்டால், அந்த அடுக்கிலிருந்து வரும் பகுதி மட்டும் வெளுத்து, மற்றது பச்சையாகவே நிற்கும். இப்படி எதேச்சையாக வந்ததைக் கண்டுபிடித்து, ஒட்டுக் கட்டிப் பெருக்கி, பெயர் சூட்டி விற்கிறார்கள். ‘செரோக்கி டேபிரேக்’ என்றால் வெள்ளைப் பூ, பால் நிறக் கரை. ‘செரோக்கி சன்செட்’ என்றால் சிவந்த பூ, மஞ்சள் கரை, இளஞ்சிவப்புத் தளிர். விதை போட்டுவிட்டு இந்த இலையை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். கண் ஒட்டுதான் வழக்கமான வழி.

வினா எழுப்புவோரை வகைப்படுத்துவது அடுத்த கடமை. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் சம்பந்திகள் முதலிடம் வகிக்கிறார்கள். “என்ன சம்பந்தி, மரம் சோகை புடிச்ச மாதிரி இருக்கே? இரும்புச் சத்து கொடுத்துப் பாத்தீங்களா?” என்பது இவர்கள் பாடம். பெரியம்மாக்கள் மருந்தோடு வருவார்கள்: “தேமோர்க் கரைசல் அடிச்சு விடுப்பா, ஒரே வாரத்துல பச்சை கட்டிடும்.” அடுத்த வீட்டு அமெரிக்கர் நாய்க் கயிற்றைப் பிடித்தபடி, வேலிக்கு அந்தப்புறமிருந்து, தண்ணீர் போதவில்லையோ என்று நாகரிகமாகக் கவலைப்படுவார். மூன்று தரப்புக்கும் ஒரே விடைதான். “இது பிறவியிலேயே இப்படித்தான்.” இந்த விடையை நம்பியவர் எவரையும் ஆய்வாளர் இதுவரை சந்திக்கவில்லை.

இவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. டாக்வுட் இலையில் வெளுப்பு ஒன்றல்ல, பல. பிறவி வெளுப்பு கரையோடு ஓடும். இலைக்கு இலை வடிவம் மாறினாலும் எல்லை கூர்மையாக இருக்கும். விரலால் தேய்த்தால் எதுவும் வராது. சாம்பல் நோய் தரும் வெளுப்பு அப்படியல்ல. கோடை ஈரப்பதத்தில் இலைமேல் மாவு தூவியதுபோல் படியும். தேய்த்தால் விரலில் ஒட்டும். இளம் இலை சுருண்டுகொள்ளும். வெயில் தீய்ச்சல் இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் கரை பழுப்பாகி அப்பளம்போல் நொறுங்கும். பச்சையம் இல்லாத பகுதிதான் முதலில் தீயும் என்பதால், அழகுக்கென்று காசு கொடுத்து வாங்கிய அதே கரை முதலில் போகும்.

இவை எதுவும் உயிருக்கு உலை வைப்பவை அல்ல. உலை வைப்பது ஆந்த்ராக்னோஸ். ‘டிஸ்குலா டிஸ்ட்ரக்டிவா’ என்ற பூஞ்சை, பெயரிலேயே அழிவைச் சூடிக்கொண்டு, 1970களின் கடைசியில் நியூயார்க்கிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் தலைகாட்டியது. அமெரிக்க அதிபர்கள் ஓய்வெடுக்கும் கேம்ப் டேவிட் இருக்கிறதே, அந்தக் கேட்டாக்டின் மலைக்காட்டு டாக்வுட்களில் பெரும்பகுதியை 1980களின் இறுதிக்குள் முடித்துவிட்டது. இலையில் பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி ஊதா வளையம்; கீழ்க்கிளைகள் முதலில் காய்தல்; செத்த இலை உதிராமல் குளிர்காலம் முழுக்கத் தொங்குதல்; இவை அறிகுறிகள். இருவண்ண மரம் வைத்திருப்பவரின் உண்மையான ஆபத்து இங்கேதான். ‘பிறவியிலேயே இப்படி’ என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, உண்மையான புள்ளி விழும் நாளிலும் அவர் அதையே சொல்லிவிடுவார்.

இலை நோய் பற்றிய சந்தேகம் வல்லரசுகளையும் விட்டதில்லை என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. டோக்கியோ அனுப்பிய 2,000 செர்ரி மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் 1910இல் தலைநகர் வாஷிங்டனில் அவற்றைக் கொளுத்தினார்கள். ஜப்பான் முகம் சுளிக்காமல் 1912இல் 3,020 மரங்களை மறுபடி அனுப்பியது. வைத்த மொய்க்கு மொய் எழுதாமல் இருக்க முடியுமா? 1915இல் அமெரிக்கா டாக்வுட் கன்றுகளை டோக்கியோவுக்கு அனுப்பியது. அவற்றில் இருவண்ண இலைக் கன்று ஒன்று இருந்திருந்தாலும், கப்பலை விட்டு இறங்குமுன் விறகாகியிருக்கும் என்பது ஆய்வாளர் துணிபு.

‘இம்மரத்துக்கும் தமிழருக்கும் என்ன உறவு?’ என்பார்க்கு: உண்டு. நம் ஊர்ப் புதர்க்காடுகளில் நிற்கும் அழிஞ்சிலை இன்றைய தாவரவியலார் இதே டாக்வுட் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். அழிஞ்சில் விதை கீழே விழுந்தபின் தானே நகர்ந்து தாய்மரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. டாக்வுட்டின் சிவப்புப் பழத்துக்கு அவ்வளவு தாய்ப்பாசம் கிடையாது. பறவை வயிற்றில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போய்விடும். இந்த உறவுமுறையைச் சம்பந்தியிடம் எடுத்துச் சொன்னால், மரத்தின்மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம் பிறக்கிறது. மேலும் நெருங்க, ஓர் இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்துக் காட்டலாம்: நரம்புகளிலிருந்து நூல்போல வெள்ளை இழைகள் நீண்டு, கிழிந்த பாதியை அந்தரத்தில் தாங்கும். இது டாக்வுட் சாதியின் அடையாளம். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டினால் மரத்தில் இலை மிஞ்சாது.

வளர்ப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். காலை வெயில், மதிய நிழல்; லேசாகப் புளிப்பு ஏறிய, நீர் தேங்காத மண்; வேர் மேலோட்டமானது என்பதால் இரண்டு மூன்று அங்குல மூடாக்கு, அதுவும் தண்டில் படாமல். புல்வெட்டும் இயந்திரம் தண்டை உரசக் கூடாது. உரசிய காயத்தில் துளைப்பான் புழு குடியேறும்.

சுருக்க முடியாதது ஒன்று மட்டும். இருவண்ண மரத்தில் சில சமயம் ஒரு கிளை முழுப் பச்சையாகக் கிளம்பும். கரை இல்லை, வெளுப்பு இல்லை. மினுமினுவென்று, மற்றக் கிளைகளைவிட வேகமாக வளரும். முழு இலையும் உணவு செய்வதால் வந்த வேகம் அது. விட்டுவைத்தால் மெல்ல மரம் முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். ஒட்டுக்குக் கீழே வேர்ப்பகுதியிலிருந்து கிளம்பும் குருத்தும் அப்படியே. இரண்டையும் அடியோடு வெட்ட வேண்டும். வெட்டும்போது யாராவது கட்டாயம் பார்ப்பார்கள். “அடப்பாவமே! நல்லா இருந்த ஒரே கிளையையும் வெட்டிட்டு, சீக்குப் பிடிச்சதையெல்லாம் விட்டுட்டீங்களே!” வெளுப்பு வினாவின் உச்ச வடிவம் இதுதான். அதற்கு விடை கண்டுபிடிக்கப்படவில்லை. கத்தரியைப் பின்னால் மறைத்துக்கொள்வது மட்டுமே இப்போதைக்கு நடைமுறையில் உள்ளது.

எனவே ஆய்வாளரின் தீர்ப்பு: ஏப்ரலில் பூ பார்க்க வருவோர் தாராளமாக வரலாம், காபியும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருவோர், ஊதா வளையம் போட்ட புள்ளி ஏதும் கண்ணில் பட்டால் மட்டும் வாய் திறக்கவும்.