மொட்டை மாடியில் எட்டுப் போடுகிறவர்கள்

முதியவர்களின் ஞாபகசக்தி மீது நம் நகர நிர்வாகங்கள் வைத்திருக்கும் அக்கறை நமக்குப் புரிவதே இல்லை. நடைபாதை உடைந்து கிடக்கிறது, வடிகாலுக்கு மூடி இல்லை என்று மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதை நடைபாதை என்று நினைப்பதுதான் சிக்கல். அது அரசுச் செலவில் கட்டிய மூளைப் பயிற்சிக்கூடம்.

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி. காலையில் என்ன சாப்பிட்டோம், சாவியை எங்கே வைத்தோம் என்பதெல்லாம் முதலில் பதிவது அங்கேதான். வயதானால் அது சுருங்கும். அமெரிக்காவில் கிர்க் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 120 முதியவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணி வாரத்துக்கு 3 நாள், 10 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம் வரை வேகமாக நடந்தது. மற்றது கைகாலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது. ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுத்தால், நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011இல் இது வெளிவந்தது. டாக்டர்களும் மருந்துச்சீட்டின் கடைசி வரியில் ‘வாக்கிங்’ என்று எழுதிக்கொடுக்கிறார்கள். எல்லா ஆய்வும் இப்படி இனிக்கவில்லை. அதே நாட்டில் 1,635 பேரை வைத்து 2 ஆண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் உடல்நலச் சொற்பொழிவு கேட்டவர்களுக்கும் நினைவாற்றலில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனாலும் நடப்பதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, சர்க்கரை அடங்குகிறது, தூக்கம் வருகிறது. மூளைக்கு உதவக்கூடிய மருந்துகளில் காசு கேட்காதது இது ஒன்றுதான். அதனால்தான் டிவியில் இதற்கு விளம்பரம் வருவதில்லை.

எரிக்சன் ஆய்வில் ஒரு பெரிய குறை உண்டு. அதில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, பிரியாணி அண்டா இல்லை. நம் ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை இருநூறு மீட்டர். முதல் சிமென்ட் பலகை ஆடும், இடது ஓரமாக மிதிக்க வேண்டும். மூன்றாவது ஆடாது, மழை பெய்திருந்தால் மட்டும் அடியிலிருந்து சேற்றை முழங்கால் வரை பீய்ச்சும். மின்பெட்டியின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவ வேண்டும். அடுத்து டீக்கடை சிலிண்டர், வரிசையாக ஐந்து புல்லட், கட்சிக் கொடிக்கம்பம். அங்கே ரோட்டில் இறங்கி, எதிர்த்திசையில் வரும் பைக்குக்கு ஒதுங்கி, மறுபடி ஏற வேண்டும். ஏறும் இடம் ஒன்றரை அடி உயரம். இவ்வளவும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஆகி முடிந்த வாரம் பழைய குழியை மூடிப் பக்கத்தில் புதிதாக ஒன்று தோண்டுவார்கள். பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தானே மூளைக்கு வேலை!

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நெறிமுறை, நடைபாதையில் 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. வயதானவர்களின் மூட்டைப் பற்றி யோசித்து யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். டெண்டர் எடுத்தவருக்குக் கிடைத்த பிரதியில் மட்டும் அந்தப் பக்கம் இருக்காது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், திருத்திக்கொண்டால் உலகில் டிமென்ஷியா என்னும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பு இல்லாமை அதில் ஒன்று. காற்று மாசும் அதில் உண்டு, தலைக்காயமும் உண்டு, ஆள் பேச்சில்லாத தனிமையும் உண்டு. நடக்கப் போனால் காற்று மாசும் தலைக்காயமும். பயந்து வீட்டோடு கிடந்தால் மற்ற இரண்டு. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத ஏற்பாடு. இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பீடு. கூட்டத்தைக் கூட்டுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் போய்ப் பாருங்கள். ஆபரேஷன், மயக்க மருந்து, வாரக்கணக்கில் படுக்கை. ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவாள். “யாருடி நீ, என் வீட்ல உனக்கென்ன வேலை?” என்று நர்ஸை விரட்டுவாள். பலர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள். சிலர் பழைய தெளிவுக்குத் திரும்புவதே இல்லை. ஞாபகம் நிலைக்க வேண்டும் என்று நடக்கப் போன மனுஷி, ஞாபகத்தைத் தொலைத்துவிட்டு வீல்சேரில் வீடு வருகிறாள். வண்டி மோதவில்லை, அதனால் அது சாலை விபத்தும் இல்லை. விபத்துக் கணக்கில் ஏறியவர்களே 2022இல் மட்டும் 32,825 பாதசாரிகள், நாடு முழுக்க, எல்லாம் பிணக்கணக்கு. தானாக விழுந்தவர்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது. ‘வீட்டருகே கீழே விழுந்தார்’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி. ஒப்பந்ததாரர் பெயர் அதில் வராது. திறப்புவிழாக் கல்வெட்டில் மட்டும் வரும்.

திட்டத்துக்குக் குறைச்சலில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 80 சதவீதத் தெருக்களில் நல்ல நடைபாதை, நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சாவது அடியோடு ஒழிவது, எல்லாம் 2018க்குள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் 38 மாவட்டத்திலும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 8 கிலோமீட்டர் வழித்தடங்கள் வந்தன. நல்ல யோசனைதான். மாவட்டத்துக்கு ஒரு தடம் என்றால், அந்தத் தடத்துக்குப் போய்ச் சேர ஒரு முதியவர் எதில் நடப்பது? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. வாழ்வுரிமை மேல் டீ பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

பூங்கா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பூட்டுடன். வெயில் தாழ்ந்து சாவிக்காரர் வந்து திறந்தால், உள்ளே துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பைவிட நிதி கொடுத்தவர் பெயர் நான்கு மடங்கு பெரிது. 65 வயதுக்கு மேலும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதில் நாலு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

வசதி உள்ளவர்கள் மாடிக்கு ஏறிவிட்டார்கள். மகன் டாலஸிலிருந்து அனுப்பிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் சாக்பீஸால் எட்டு வரைந்து, அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். “என்னப்பா, இன்னைக்கு ரெண்டாயிரம்தான் காட்டுது?” என்று ராத்திரி வீடியோ காலில் விசாரணை வேறு. எழுபது வருஷம் ஊரில் நடந்த மனிதருக்கு மிச்சம் இருபதடி. கீழே, ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர் நடைபாதைமேல் பைக் ஓட்டிக்கொண்டு போகிறார்.

வழித்தடத்தைத் திறந்துவைத்து டீ ஷர்ட்டில் நடந்து காட்டும் பெரியவர்களே, 8 கிலோமீட்டர் வேண்டாம். 800 மீட்டர் போதும். முன்னால் போலீஸும் பக்கத்தில் கேமராவும் இல்லாமல், உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஏதாவது ஒரு வார்டில் நடந்து காட்டுங்கள். தேதியை நீங்களே சொல்லலாம். ஐப்பசியாக இருந்தால் விசேஷம்.