இடிந்துபோவதற்கும் ஒரு வயது வேண்டும்

கர்நாடகத்தில் ஓர் ஊருக்கு அரசாங்கச் செலவில் உற்சவம் கிடைக்க வேண்டுமானால், அந்த ஊர் முதலில் இடிந்திருக்க வேண்டும். எந்த அரசாணையிலும் இப்படி எழுதியிருக்காது. ஆனால் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை மாநிலமெங்கும் நடக்கும் விழாக்களை வரிசையாக எடுத்துப் பார்ப்பவருக்கு வேறு முடிவுக்கு வர வழியில்லை. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் ஹம்பி சூறையாடப்பட்டது. அங்கே ஹம்பி உற்சவம். கதம்பர்களின் ஆட்சி முடிந்து ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேலாகிறது. பனவாசியில் கதம்போத்சவம், கூடவே பம்பா விருதும். பாதாமி, பட்டதகல் பக்கம் சாளுக்கியர் பெயரில் ஒன்று. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எங்கள் கோலார் தங்கவயலைப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஊர் முறைப்படி இடிந்தது. கோப்பு, குறிப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு. ஹம்பியை இடித்தவர்களிடம்கூட இத்தனை காகிதம் இருந்திருக்காது. அப்படியிருந்தும் ஹம்பிக்கு இருப்பதுபோல் எங்களுக்கு நிலையான உற்சவம் இல்லை. தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் வராதவன் மனு போடுவது இந்த நாட்டு வழக்கம். இதையும் ஒரு மனுவாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் குளிர்காலத்தைப் பற்றி. தென்னிந்தியாவில் விழாக்கள் குளிர்காலத்தில் குவிவதற்குக் குளிர் காரணமே அல்ல. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். இப்போதெல்லாம் பதினைந்து டிகிரிக்கே மங்கி கேப் வெளியே வந்துவிடுகிறது. உண்மைக் காரணம் நாற்காலி. மழையில் நனையாமலும் வெயிலில் வேகாமலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திறந்த வெளியில் மூன்று மணி நேரம் போட்டு வைக்க இந்த மாதங்களை விட்டால் வேறு காலம் கிடையாது. கலை தானாக அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சென்னையின் மார்கழி சீசனும் மார்கழிக்காகப் பிறந்தது என்று சொல்ல முடியாது. 1927 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு கூடியது; அதையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது; மறு வருஷம் மியூசிக் அகாடமி உருவாயிற்று. காங்கிரஸ் கிறிஸ்துமஸ் வாரத்தில் கூடியதற்குக் காரணம், தலைவர்களில் பாதிப்பேர் வக்கீல்கள், அப்போதுதான் கோர்ட்டுக்கு லீவு. ஆக, நூறு வருஷ மரபு என்று நாம் கும்பிடுகிற சமாசாரத்தின் அடியில் ஒரு லீவு நாள் பட்டியல் இருக்கிறது. உற்சவங்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை, யாரோ ஒருவர் தேதி குறித்தால் நடக்கின்றன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தேதி குறித்துவிட்டால் எதுவும் நடக்கும் என்பதற்குப் பெங்களூரே சாட்சி. கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலெக்காய் பரிஷெ. வேர்க்கடலை என்ற ஒரே சரக்கை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே அடைத்துவிடுகிறார்கள். வறுத்தது, பச்சை, அவித்தது என்று குவியல் குவியலாக. கோலார்ப் பக்கத்து விவசாயிகளும் மூட்டையோடு போய் உட்காருகிறார்கள். ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தெ. ஓவியத்தைக் காய்கறிபோல் ரோட்டோரம் பரப்பி விற்கலாம் என்று 2003இல் தொடங்கினார்கள், இன்று குமார கிருபா சாலையில் அன்று நடக்க இடம் கிடைப்பதில்லை. குடியரசு தினத்தை ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி. இதெல்லாம் போதாதென்று 2023 நவம்பரில் அரண்மனை மைதானத்தில் கம்பள நடத்தினார்கள். கம்பள கடலோரத்து எருமைப் பந்தயம்; நெல் வயலின் சேறு அதற்கு உயிர். அதில் ஒரு பிரிவில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. எருமைகள் இழுக்கும் பலகைமேல் நின்று ஓட்டுகிறவர், தெறிக்கும் தண்ணீர் மேலே கட்டிய துணியைத் தொடுமாறு ஓட்ட வேண்டும். இதற்காக நகரத்தின் நடுவே ஓடுபாதை வெட்டி, சேறு உண்டாக்கி, எருமைகளை லாரியில் மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் சேற்றைத் தனியாகத் தயாரிக்க வேண்டியிருந்தது என்பதை அங்கே குடியிருப்பவர்கள் நம்ப மறுப்பார்கள், ஆனால் நடந்தது. எருமைக்கு முந்நூறு கிலோமீட்டர் தாண்டி ஓர் உற்சவம் அமைத்துக் கொடுக்க முடிந்தவர்களுக்கு, நூறு கிலோமீட்டரில் இருக்கும் மனிதர்களுக்கு ஒன்று அமைப்பது கஷ்டமா?

குளிர்கால விழாவுக்குத் தங்கவயலின் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி. இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்துத் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். கிளப், கோல்ஃப் மைதானம், பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் வைத்துக்கொண்டார்கள். சிவனசமுத்திரத்து மின்சாரம் 1902இல் இங்கே வந்தது. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905இல்தான். மூன்று வருஷம் பெங்களூர் இருட்டில் இருந்தது, எங்களுக்கு வெளிச்சம். இந்தப் பெருமையை ஒவ்வொரு மின்வெட்டின்போதும் நினைத்துக்கொள்கிறோம். குளிரின் அருமையும் எங்களைவிட யாருக்குத் தெரியும்? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்குமேல் ஆழம். அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கேஜில் ஏறி மேலே வருகிறவனுக்கு டிசம்பர் விடியற்காலைக் காற்று முகத்தில் படுவதைவிடப் பெரிய கலைநிகழ்ச்சி எந்த அகாடமியிலும் நடந்திருக்காது. டிக்கெட்டும் கிடையாது.

நிகழ்ச்சிகளுக்கும் பஞ்சமில்லை. நவம்பர் முதல் தேதி ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சிவப்புக் கொடி ஏறும். டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாள். பிறகு கிறிஸ்துமஸ். அந்த வாரத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்: பத்தடிக்கு ஒரு வாசல், ஒரு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும், அடுத்த வாசலில் மார்கழிக் கோலத்தின் நடுவே பூசணிப் பூ இருக்கும். வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் நட்சத்திரத்தின் வெளிச்சம் பக்கத்து வீட்டுக் கோலத்தில்தான் விழும். கேரல் பாடுகிறவர்கள் டிரம்மைத் தட்டிக்கொண்டு வந்தால் எந்த வீடு எந்த மதம் என்று கணக்குப் பார்க்க வழியே இல்லை. எல்லார் தூக்கமும் சமமாகக் கெடும். அதற்குப் பிறகு பொங்கல். கால்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை என்று கம்பெனிக் காலத்திலிருந்து வளர்ந்த விளையாட்டுகள் ஒரு பக்கம். அறிவுக்கும் குறைவில்லை: தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய ஊர் இது, அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் சில காலம் இங்கிருந்துதான் வெளிவந்தது. 1965இல் சுரங்கத்துக்கடியில் விஞ்ஞானிகள் நியூட்ரினோவையே பிடித்தார்கள். தங்கம் எடுக்கப் போன இடத்தில் கிட்டத்தட்ட எடையே இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது அந்தக் காலத்துக்கே உரிய தாராளம்.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, எந்த ராஜாவின் பெயரில் உற்சவம் நடத்துவது? ஹம்பிக்குக் கிருஷ்ணதேவராயர் இருக்கிறார். எங்களுக்கு இருந்தது சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி. கம்பெனியைக் குதிரைமேல் உட்கார வைத்து ஊர்வலம் விட முடியாது என்பது நியாயமே. ஆனால் ராஜாக்களே ஹம்பியைக் கல்லில் செதுக்கினார்கள் என்று எவரும் சொல்வதில்லையே? செதுக்கிய சிற்பிகளுக்குப் பெயர் கிடைக்கவில்லை, செதுக்கச் சொன்னவருக்குக் கிடைத்தது. நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன் தங்கம் இங்கே மேலே வந்தது. அதைத் தோண்டியவர்கள் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த ஏழைகள். ராஜா இல்லாத உற்சவம் ஒன்று நடந்தால், யானைக்கும் சிம்மாசனத்துக்கும் ஆகும் செலவு மிச்சம். நிதித்துறைக்கு இது பிடித்தாக வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் வயது. இருபத்தைந்து வருஷத்து இடிபாடு பாரம்பரியம் ஆகுமா? ஐந்நூறு வருஷம் பொறுத்திருந்தால் தொல்லியல் துறை தானே வரும் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜெர்மனியில் பதில் இருக்கிறது. எஸ்ஸன் நகரத்தில் ட்ஸோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. பதினைந்தே வருஷம் கழித்து, 2001இல், யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்கள் சுரங்கத்துக்குப் பூட்டு விழுந்த அதே வருஷம். இப்போது அங்கே குளிர்காலம் வந்தால், கரியைச் சுட்ட உலைகளின் ஓரமாக நூற்றைம்பது மீட்டர் நீளத்துக்குப் பனிச்சறுக்குத் தளம் போடுகிறார்கள். குழந்தைகள் வழுக்கி விழுந்து மகிழ்கின்றன. போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்தில் பூமிக்கடியிலேயே கச்சேரி நடக்கிறது. எங்கள் சுரங்கத்தில் அது முடியாது. பம்புகளை நிறுத்தியபின் அடிமட்டங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே இருக்கும் மைதானம் போதும். பனித்தளம் வேண்டாம், வழுக்கி விழுவதற்கு எங்கள் சாலைகளே இருக்கின்றன.

மூன்றாவதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்: அது தமிழர் ஊராயிற்றே, கன்னட மாநிலத்தின் உற்சவத்தை அங்கே எப்படி நடத்துவது? ஹம்பியின் ராயர் தெலுங்கில் காவியம் எழுதினார். அதற்காக அவருடைய உற்சவத்தை யாரும் ஆந்திராவுக்கு மாற்றவில்லை. தங்கவயலில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. அதைப் புரிந்துகொள்கிறவர்கள் பக்கத்து பங்காருப்பேட்டையில்கூடக் குறைவு. தவிரவும், 2018 டிசம்பர் 21 அன்று இந்த ஊர்ப் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு கன்னடப் படம் வந்தது. எங்கள் சயனைடு மேட்டில் செட் போட்டு எடுத்த படம். நாடு முழுக்க ஓடி, கன்னட சினிமாவின் நிலைமையையே மாற்றியது. சினிமாவுக்குக் கன்னட ஊர், உற்சவத்துக்குத் தமிழ் ஊர் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அந்தப் படத்தால் போதிய விளம்பரம் கிடைத்துவிட்டதே என்பாரும் உண்டு. கிடைத்தது; அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கதாநாயகன் துப்பாக்கி பிடித்த இடத்தைக் கேட்கிறார்கள். ஷாஃப்டில் இறங்கியவர்கள் இருக்கும் இடத்தை யாரும் கேட்பதில்லை.

நான்காவது, தூசு. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் இங்கே சயனைடு மேடுகளாக, மலைமலையாக நிற்கிறது, காற்றடித்தால் பறக்கிறது, விருந்தினருக்கு ஆகாது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நாள் வந்துபோகும் விருந்தினருக்கு ஆகாத தூசு, வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவர்களுக்கு மட்டும் எப்படி ஆகும்? ஆபத்து என்றால் உடனே ஏதாவது செய்யுங்கள். ஆபத்தில்லை என்றால் உற்சவம் நடத்துங்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம். சும்மா இருப்பதற்கு மட்டும் இந்த வாதத்தில் இடமில்லை.

கடைசி ஆட்சேபம் கனமானது. வேலைக்காக விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலில் ஏறிப் பெங்களூர் போய், இருட்டியபின் திரும்புகிற ஜனங்களுக்கு ஆட்டமும் பாட்டமுமா கேடு? அந்தப் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தாலே அவர்களுக்கு உற்சவம். இதைச் சொல்கிறவர்கள் சொல்வது சரி; ஆனால் அரசாங்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. வேலை வேண்டும் என்று மனு கொடுத்தால் குழு அமைப்பார்கள். உற்சவம் என்று அறிவித்தால் மந்திரி வருவார். மந்திரி வருகிறார் என்றால் தார் வரும், தெருவிளக்கு வரும், கழிப்பறை வரும். அவர் போனபின் தாரைச் சுரண்டி எடுத்துப் போக முடியாது. வேலை இழந்தவர்களின் பாக்கியையும், லைன் வீட்டுக்குப் பட்டாவையும் மேடையில் வைத்தே கேட்கலாம். மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் பாதியில் எழுந்து போக முடியாது. உற்சவம் வேலைக்கு மாற்று அல்ல. பதில் சொல்ல வேண்டியவரை ஊருக்குள் வரவழைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. 2024 ஜூனில் மாநில அமைச்சரவை, இங்கேயுள்ள பதின்மூன்று மண் மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு கொடுத்திருக்கிறது. எடுக்கட்டும், பத்துப் பேருக்கு வேலை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் மேடுகளைக் கரைத்தபின் காட்டுவதற்கு இடிபாடும் இருக்காது. பட்டியலில் சேர இருந்த ஒரே தகுதியும் போய்விடும். தேதியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹம்பி உற்சவம் ஒரு காலத்தில் நவம்பரில் நடந்தது. 2023இல் ஜனவரி, 2024இல் பிப்ரவரி என்று நகர்ந்து, 2025இல் பிப்ரவரி 28 அன்று தொடங்கியது. அது எங்கள் சுரங்கம் மூடிய தேதி. ஹம்பிக்கு எல்லாத் தேதியும் பொருந்துகிறது. ஆகையால் அவர்கள் நவம்பருக்கே திரும்பிப் போகட்டும். பிப்ரவரி 28ஐ எங்களுக்கு விட்டுக்கொடுக்குமாறு கன்னட மற்றும் கலாசாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். நாற்காலிகளை நாங்களே போட்டுக்கொள்வோம்.