நிர்வாகியை அணுகவும்

பெர்லில் எழுதிய வலைச்சேவை படுத்துவிட்டால் உலாவியில் வருவது 500 என்ற எண்ணும், நிர்வாகியை அணுகச் சொல்லும் உபதேசமும்தான். தாராளமாக அணுகலாம், அந்த நிர்வாகி நாமேதான். அப்பாச்சி வலைச்சர்வரை நிறுவியபோது மாற்றாமல் விட்ட மாதிரி மின்னஞ்சல் முகவரி வேறு கீழே பல்லிளிக்கும்.

சரி என்று எரர் லாகைத் திறந்தால், 'எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்'. ஹெடர் முடியுமுன்னே ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டதாம். ஆற்றில் மிதப்பவர் காலமாகியிருக்கலாம் என்று எழுதிவைக்கும் ஏட்டய்யாவின் அறிக்கை போல. ஏன் போனார்? அது அவர் வேலையில்லை. 'பெர்ல் மைனஸ் சி' போட்டுப் பார்த்தால், 'சின்டாக்ஸ் ஓகே' என்று நற்சான்றிதழ் வேறு.

பல நேரம் குற்றவாளி கண்ணில் படுவதே இல்லை. விண்டோஸில் திருத்திய ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் அப்படியே ஏற்றினால், பெர்லின் பாதையைச் சொல்லும் முதல் வரியின் கடைசியில் ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டு வரும். கர்னல் அதையும் சேர்த்தே பெயராகப் படித்து, அப்படியொரு கோப்பே இல்லை என்று சாதிக்கும். இந்த வழக்கில் லாரி வாலைத் திட்டமுடியாது. அவர் 1987-இல் பெர்லை வெளியிட்டபோது வலையே பிறக்கவில்லை.

பிழையைத் தேட, பெர்லின் சிஜிஐ கார்ப் மாட்யூலில் 'ஃபேட்டல்ஸ் டு பிரவுசர்' என்றொரு வசதி உண்டு. பிழைச்செய்தி, வரி எண், கோப்பின் பாதை எல்லாம் உலாவியிலேயே வரும். வேலை முடிந்ததும் அந்த வசதியை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நீக்குவாருண்டா? நிர்வாகிக்குக் கிடைக்காத விவரமெல்லாம் வழிப்போக்கருக்கு இலவசம்.