வலி பத்தாது, போய் நட

பிரசவ வார்டில் வலியை அளக்க ஆள் உண்டு. வலிக்கிறவள் மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.

"சிஸ்டர், தாங்க முடியல."

"இது சூட்டு வலி. எந்திரிச்சுப் போய் நட."

அவளே கொஞ்ச நேரம் கழித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால், "சத்தத்தையே காணோம், வலி பத்தல. டிரிப்ஸைக் கூட்டு." கத்தினால் நடிப்பு. கத்தாவிட்டால் குறைபாடு. எந்தச் சுருதியில் முனகினால் நம்புவார்கள் என்று இதுவரை எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கூச்சலை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று சென்டிமீட்டரில் ஒருத்தி துடிப்பாள். எட்டில் இன்னொருத்தி வாயே திறக்க மாட்டாள். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தாலும் பிள்ளை பிறக்கிறது. படித்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் வலி 'பத்தாது' என்கிறார்கள்.

வலியை அளப்பதில் அமெரிக்க விஞ்ஞானம் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. நியூயார்க்கில் கார்னெல் ஆய்வாளர்கள் வலிக்கு 'டால்' என்று ஓர் அலகே கண்டுபிடித்தார்கள். உச்சம் 10.5. 1949இல் ஹார்டியும் ஜாவெர்ட்டும் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு வலி விட்டு விட்டு வந்த இடைவெளியில் பிரசவத்துக்கு வந்த பெண்களின் கையில் வெப்பக் கதிரைப் பாய்ச்சினார்கள். இது அதிகமா, அது அதிகமா என்று கேட்டார்கள். உச்ச அளவைத் தொட்டபோது கையில் தீக்காயம். வலிக்கிறது என்று அவள் சொன்னது போதவில்லை. சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

நாம் சுடுவதில்லை. திட்டுவதோடு சரி. 2017இல் மத்திய அரசு 'லக்ஷ்யா' திட்டம் கொண்டுவந்தது. பிரசவ அறையில் மரியாதை, உடன் ஒரு துணை. போஸ்டர் பளபளவென்று ஒட்டியாயிற்று. அதற்குக் கீழேயே நின்று ஒரு குரல் கேட்கும்: "ஆசைப்படுறப்ப இனிச்சுதுல்ல, இப்ப ஏன் கத்துற?"

தனியாரில் கருணைக்குப் பஞ்சமில்லை. "பாவம், இவங்க வலி தாங்க மாட்டாங்க, சிசேரியன் பண்ணிடலாம்." ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. வலியில்லாப் பிரசவம் வேண்டுமா? அதற்குத் தனி பேக்கேஜ். பில் கட்டுகிறவளின் வலிக்கு மருந்து. ஓ.பி. சீட்டு வாங்கியவளின் வலிக்கு உபதேசம்: பொறுத்துக்கணும், பொம்பளைன்னா அப்படித்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பிரசவத்தைக் கண்காணிக்கப் புதுப் படிவம் ஒன்று கொடுத்தது. சென்டிமீட்டரோடு சேர்த்து வேறு சிலவற்றையும் எழுதச் சொல்கிறது. துணைக்கு ஆள் இருக்கிறாரா? குடிக்க ஏதாவது கொடுத்தீர்களா? வலிக்கு நிவாரணம் தந்தீர்களா? நல்ல கேள்விகள். நம் ஊரில் பிள்ளை பிறந்து, தொப்புள் கொடி அறுத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்ட்டோகிராப் என்ற பழைய கண்காணிப்புப் படிவத்தை நிரப்பிய கைகளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

வலி நிவாரணக் கட்டத்தில் மூன்று பதில்களுக்கு இடமிருக்கிறது. 'ஆம்' என்று எழுதினால் ஏதாவது நிவாரணம் தந்திருக்க வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் அது எச்சரிக்கை, ஏதாவது செய்தாக வேண்டும். மூன்றாவதுதான் சௌகரியம்: 'தாய் வேண்டாம் என்றார்.' செலவில்லை, விசாரணையில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டதாக ஃபைல் மூடிவிடும்.