1976இல் பிறந்த பாவம்

கலிபோர்னியாவில் ஒரு தெருவில் இரண்டு செவர்லே கார்வெட் கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 1975 மாடல், மற்றது 1976. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பெற்ற தாயே குழம்பிப்போவாள். ஆனால் முதல் காரின் சொந்தக்காரர் புகைச்சோதனை நிலையத்தின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. புகை குறைக்கும் கருவிகளைக் கழற்றக்கூடாது என்று சட்டம் அவருக்கும்தான் சொல்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை. இரண்டாமவருக்கோ பெரும்பாலான மாவட்டங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 'ஸ்மாக் செக்'. சனிப்பெயர்ச்சிக்குக்கூட இரண்டரை ஆண்டு அவகாசம் உண்டு.

இந்தக் கோடு எப்படி விழுந்தது என்பது தனிக் கதை. ஒரு காலத்தில் காருக்கு 30 வயதானால் சோதனையிலிருந்து தானாக விடுதலை என்றிருந்தது, பென்ஷன் மாதிரி. 2004இல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்ட சட்டம் அந்தச் சலுகையை 1975 மாடலோடு நிறுத்திவிட்டது. ரேஷன் கடையில் தன் முறை வரும் நேரத்தில் ஷட்டரை இறக்கிய கதைதான் 1976 மாடல்காரர்களுக்கு. ராணுவ வண்டியாக இருந்த ஹம்மரைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தியவர் இதே ஷ்வார்ஸ்நெகர் என்பதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அரசாங்கத்தின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய புகையைப் பார்த்து, ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். அன்னாசிப்பழத்துக்கு அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட், தன் ஆய்வுக் கருவிகளை நகரத்துக் காற்றின் பக்கம் திருப்பினார். வாகனப் புகையும் எண்ணெய் ஆலைப் புகையும் வெயிலில் வெந்து உண்டாவதுதான் இந்த எரிச்சல் என்று 1950களின் தொடக்கத்தில் தெரியவந்தது. எதிரி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். பின்னாளில் மாநிலக் காற்று வாரியத்தின் முதல் தலைவரானவரும் அவரே. ஸ்மாக் செக் 1984இல் தொடங்கியது.

சோதனை நடக்கும் விதம் பார்க்க வேண்டிய காட்சி. பெருநகரப் பகுதிகளில் 1976 முதல் 1999 வரையிலான கார்களை உருளைகள்மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓட்டுவார்கள். செக்குமாட்டுக்காவது சுற்றி வருகிற சந்தோஷம் உண்டு. இது நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். பின்னால் குழாயில் ஒரு கம்பியைச் செருகி ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அளப்பார்கள்.

புகை தேறிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர் புதியவர். அடுத்து பானட்டைத் திறப்பார்கள். புகையைப் பாதிக்கக்கூடிய இடத்தில் கம்பெனி வைக்காத பாகம் ஏதாவது இருந்தால், அதற்கு வாரியம் தந்த உத்தரவு எண் வேண்டும். எண் இல்லையா, புகை பன்னீர் மாதிரி வந்தாலும் ஃபெயில். மாப்பிள்ளை நல்லவர், சம்பாதிக்கிறார், ஆனால் நட்சத்திரம் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவதைப் போன்றது இது. புகையை அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கரை நம்புவது கொஞ்சம் அதிகம்தான்.

அதனால்தான் சோதனைக்கு முந்திய இரவில் சில கராஜ்களில் விளக்கு அணைவதில்லை. பரணில் கிடக்கும் பழைய பாகங்கள் இறங்கும், பளபளக்கும் புதியவை ஏறும். பெண் வீட்டார் வரும் நாளில் மட்டும் நெற்றி நிறைய விபூதி பூசுவதுபோல. சான்றிதழ் கைக்கு வந்த மாலையே எல்லாம் பழையபடி. கணினியிலும் இந்த வித்தையைக் காட்டியவர்களுக்காக, 2021 ஜூலை முதல் காரின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

வேறு இன்ஜின் பொருத்தியவர்கள் 'ரெஃபரி' என்ற தனி அதிகாரியிடம் போக வேண்டும். இன்ஜின் காரின் வயதுக்குச் சமமாகவோ இளையதாகவோ இருக்க வேண்டும். தன் புகைக்கருவிகளை எல்லாம் சீராகக் கொண்டுவந்திருக்க வேண்டும். இதற்கிடையில் 1997 வரையிலான டீசல் வண்டிகளுக்கு ஸ்மாக் செக்கே கிடையாது. பின்னால் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஜாதகத்தையே மாற்றி எழுத வழியில்லையா? உண்டு, 500 பேருக்கு. சொந்தமாகப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் 500 எண்கள் தருகிறார்கள். புத்தாண்டின் முதல் வேலைநாளிலேயே வாங்கிவிடத் துடிப்பார்கள். எண் கிடைத்தால், உடலோ இன்ஜினோ எந்த ஆண்டு மாடலை ஒத்திருக்கிறதோ அதுவே காரின் பிறந்த ஆண்டு. போன மாதம் முடித்த கார் 1965 கோப்ரா போல இருந்தால் 1965இல் பிறந்ததாகிவிடும். எதைப்போலவும் இல்லையென்றால் 1960.

மற்றவர்களுக்காகப் பேச வந்தவர் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜே லெனோ. சேகரிப்பு கார் என்று காப்பீடு செய்த, 35 வயது தாண்டிய கார்களுக்கு ஏற்கெனவே சிறு சலுகை உண்டு: பானட்டுக்குள் துருவிப் பார்ப்பதில்லை, ஆனால் குழாய்ப் புகை தேற வேண்டும். அவற்றுக்கு முழு விலக்கு கேட்டு 2025இல் வந்தது 'லெனோ சட்டம்'. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கே போய் லெனோ ஆதரித்துப் பேசினார். மசோதா செனட்டைத் தாண்டியது. கீழவையில் நிதிக்குழுவின் பட்டியலில் மாட்டியது. அந்தப் பட்டியலுக்குப் பெயரே 'சஸ்பென்ஸ்'. ஆகஸ்டில் சஸ்பென்ஸ் முடிந்தது, மசோதாவும் முடிந்தது.

ஆகவே, அங்கே இருக்கும் உறவினர் யாராவது பழைய கார்மீது ஆசைப்பட்டால் முதலில் மாடல் ஆண்டைக் கேட்கச் சொல்லுங்கள். 1976 என்று பதில் வந்தால், 90 நாளுக்குள் எடுத்த புகைச் சான்றிதழைக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு. அது கைக்கு வராமல் பணத்தை எண்ண வேண்டாம்.